10 வாரப் பூனைக்குட்டிக்கு வயிறு சரியில்லை, நடவடிக்கையும் மாறியிருக்கிறது: காத்திருக்கலாமா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு 10 வாரம் இருக்கும். வீட்டுக்கு வந்து 5 நாள் ஆகிறது. மூன்றாம் நாளிலிருந்து வயிறு இளகி, இப்போது நாளுக்கு ஐந்தாறு முறை கூழாகப் போகிறது. நேற்று 2 முறை வாந்தி. பகலெல்லாம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நள்ளிரவில் திடீரென்று எழுந்து வீடு முழுக்க ஓடுகிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மணல் தட்டில் இருக்கும் மணலை நக்குகிறது. வந்த அன்றிலிருந்து பசும்பாலும் புதிதாக வாங்கிய தீவனமும் கொடுத்து வருகிறீர்கள். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது கொடுத்தவருக்கே தெரியவில்லை. இது புது இடத்துப் பயமா, நோயா, இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறுக்க வேண்டாம். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் சொன்னதில் பாதி விஷயங்கள் சாதாரணமானவைதான், பெரும்பாலும் இது பாலும் தீவன மாற்றமும் புழுவும் சேர்ந்து செய்த வேலையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் வாந்தி, தடுப்பூசி தெரியாத நிலை, தண்ணீர் முன்னால் குடிக்காமல் உட்காருவது இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போது வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியில்லை. காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். குட்டியை மெதுவாக வெளியே எடுத்து, மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் ஒரு நொடி அழுத்திவிட்டு எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெள்ளையாகவோ, சாம்பல் நிறமாகவோ, மஞ்சளாகவோ இருந்தால், அல்லது விரலில் பசை போல ஒட்டினால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், உடனே கிளம்புங்கள். காதும் பாதமும் தொட்டால் சில்லென்று இருக்கிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் கிடக்கிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, மலத்தில் ரத்தம் இருக்கிறதா, மலம் தார் போலக் கறுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அவசரம்தான், ராத்திரியானாலும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் குட்டியின் உடம்புதான். 10 வாரக் குட்டியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. வளர்ந்த பூனைக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் தாங்கிக்கொள்ளும். உடம்பில் கொழுப்பு இருக்கிறது, ஈரலில் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது. குட்டிக்கு இரண்டுமே கொஞ்சம்தான். வயிற்றாலும் வாயாலும் நீர் வெளியே போகப் போக, சாப்பாடும் நின்றுவிட்டால், சில மணி நேரத்துக்குள் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். உடம்புச் சூடும் கூடவே இறங்கும். உடம்பு குளிர்ந்த பிறகு குடல் வேலை செய்யாது, எதைக் கொடுத்தாலும் செரிக்காது. பெரிய பூனைக்கு நாள் கணக்கு என்றால் குட்டிக்கு மணிக் கணக்கு.

நான் பல வருடங்களாகத் தாயில்லாத குட்டிகளை எடுத்து வளர்த்து வீடு பார்த்துக் கொடுத்து வருகிறேன். ஆரம்பத்தில், ஒரு சாம்பல் நிறக் குட்டிக்குச் சாயங்காலம் பேதி ஆரம்பித்தது. கொஞ்சம் சாப்பிட்டது, மடியில் ஏறித் தூங்கியது. காலையில் கொண்டு போகலாம் என்று படுத்துவிட்டேன். விடியற்காலை 4 மணிக்குத் தொட்டபோது உடம்பு சில்லென்று கிடந்தது. மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம், ஆனால் காப்பாற்ற முடியவில்லை. அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்களைப் போல யார் கேட்டாலும் முதலில் ஈறைப் பாருங்கள் என்கிறேன்.

சரி, தண்ணீர்க் கிண்ண விஷயத்துக்கு வருகிறேன். குடிக்க ஆசை இருந்தும் குமட்டலால் குடிக்க முடியாமல், தலையைக் கிண்ணத்தின் மேல் தொங்கவிட்டு உட்காருவது பேன்லூகோபீனியா என்ற நோயில் பார்க்கிற ஓர் அடையாளம். பூனை வளர்ப்பவர்கள் இதைப் பூனைப் பார்வோ என்றும் சொல்வார்கள். நாய்க்கு வரும் பார்வோ வைரஸின் நெருங்கிய உறவு. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போய் அழிக்கும் வைரஸ் இது. குடலின் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும்தான் அதன் இலக்கு. குடல் சுவர் உரிவதால் வாந்தியும் பேதியும் வருகின்றன. மஜ்ஜை அடிபடுவதால் வெள்ளை அணுக்கள் சரிந்து, உடம்பு எதையும் எதிர்க்க முடியாமல் போகிறது. தொற்றிய 2 முதல் 10 நாளுக்குள் அறிகுறி தெரியும். அதாவது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பழைய இடத்தில் தொற்றியிருந்தால் இப்போதுதான் வெளியே தெரியும். தடுப்பூசி போடாத குட்டிகளில் இறப்பு மிக அதிகம். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, மற்ற கிருமிகள் தாக்காமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்து உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அது எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது. முதல் 5 நாளைத் தாண்டிவிட்ட குட்டிகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று யோசித்தேன். உங்கள் குட்டிக்கு அது இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு ஆதாரம் நீங்கள் கவலைப்பட்டு எழுதிய அதே விஷயத்தில் இருக்கிறது: ராத்திரி ஓட்டம். பார்வோ பிடித்த குட்டி ஓடாது, விளையாடாது, துணி போலக் கிடக்கும். நள்ளிரவில் வாலைப் பருத்துக்கொண்டு, பக்கவாட்டில் துள்ளி, கண்ணுக்குத் தெரியாத எதையோ துரத்தி ஓடுவது ஆரோக்கியமான குட்டியின் வேலை. பகலில் பயத்தால் அடக்கி வைத்த சக்தியெல்லாம், நீங்கள் படுத்து வீடு அமைதியானதும் வெளியே வருகிறது. மலம் கழித்த உடனே ஒரு பாய்ச்சல் ஓடுவதையும் பல குட்டிகளிடம் பார்க்கலாம். நேற்று ராத்திரியும் ஓடியதா? ஓடியிருந்தால் எனக்குப் பாதி நிம்மதி. இரண்டு நாளாக ஓட்டம் குறைந்துகொண்டே வந்து நேற்று நின்றுவிட்டது என்றால், அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஒளிந்துகொள்வதும் அப்படித்தான், இரண்டு அர்த்தம் உள்ளது. புது வீட்டில் முதல் சில நாள் கட்டிலுக்கு அடியில் இருப்பது இயல்பு. தாயும் கூடப் பிறந்தவையும் இல்லை, வாசனை எல்லாம் புதிது, கால்கள் எல்லாம் பெரிது. ஆனால் பயத்தில் ஒளிந்த குட்டி உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். காது திரும்பும், கண் விழிப்பாக இருக்கும், கயிற்றை ஆட்டினால் பாதம் நீளும், ஆள் இல்லாதபோது வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். நோயில் ஒளிந்த குட்டிக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருக்காது. நான்கு காலையும் உடம்புக்கு அடியில் இறுக்கி, முதுகை வளைத்து, தலை தோளுக்குக் கீழே தொங்க, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயிறு வலிக்கும் பூனை அப்படித்தான் உட்காரும். 2019-இல் மொன்றியால் பல்கலைக்கழகத்தினர் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்க ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் உயரம் இந்த ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். காது பக்கவாட்டில் சரிந்து, கண் இடுங்கி, முகவாய் இறுகி, மீசை விறைத்து நீண்டு, தலை தாழ்ந்து இருந்தால் வலி. கட்டிலுக்கு அடியில் டார்ச்சை நேராக அடிக்காமல், தரையில் அடித்து அந்த வெளிச்சத்தில் முகத்தைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்: புர்ர் என்ற சத்தம். சந்தோஷத்தில் மட்டும் அல்ல, வலியிலும் பயத்திலும் கூடப் பூனை அப்படிச் சத்தம் போடும். என் மடியில் தூங்கிய அந்தச் சாம்பல் குட்டியும் அன்று புர்ர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கண்ணின் உள் மூலையில் வெள்ளையாக ஒரு படலம் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். அது மூன்றாவது இமை. விழித்திருக்கும்போது வெளியே தெரியக் கூடாது. வயிறு கெட்டு நீர் வற்றிய குட்டிகளில் இரண்டு கண்ணிலும் பாதி வரை ஏறி நிற்பது உண்டு. கண்ணில் நோய் என்று பயந்து சொட்டு மருந்து போடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருந்தால் உடம்பு பொதுவாகச் சோர்ந்திருக்கிறது என்று பொருள். உடம்பு தேறினால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

மணலை நக்குவது? குட்டிகள் புது மணலை ஓரிரு முறை வாயில் வைத்துப் பார்ப்பது சாதாரணம். ஆனால் திரும்பத் திரும்ப மணலையும் சுவரையும் தரையையும் நக்கினால் குமட்டலாக இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். ரத்தசோகை என்றால் ஈறு வெளுத்திருக்கும், அதற்குக் குட்டிகளில் பெரிய காரணம் தெள்ளுப்பூச்சியும் கொக்கிப்புழுவும். தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு வெள்ளைக் காகிதத்தை ஈரமாக்கிக் குட்டிக்கு அடியில் வைத்து, வால் பக்கத்து முடியைச் சீப்பால் வாருங்கள். மிளகுத் தூள் போலக் கறுப்புத் துகள் விழுந்து, ஈரத்தில் பழுப்புச் சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். அப்படி இருந்தால் நீங்களாக மருந்து வாங்கிப் பூசிவிட வேண்டாம். நாய்க்கான தெள்ளு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது நடுக்கமும் வலிப்பும் வரவைத்துக் கொன்றுவிடும். இன்னொன்று, ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வைத்திருந்தால் இப்போதைக்கு மாற்றுங்கள். குட்டி அதை விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் கட்டியாகும். கிழித்த காகிதமோ, கட்டியாகாத மணலோ போதும்.

இனி, வயிறு எதனால் கெட்டிருக்கலாம் என்று பார்ப்போம். பாலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூனை என்றால் பால் என்று நம் மனதில் பதிந்துவிட்டது, அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும்வரை குட்டியிடம் அது நிறைய இருக்கும். பால்குடி மறக்க மறக்கக் குறைந்துவிடும். தவிர, தாய்ப் பூனையின் பாலைவிடப் பசும்பாலில் லாக்டோஸ் அதிகம், புரதமும் கொழுப்பும் குறைவு. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது, அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது. விளைவு: வாயுவும் பேதியும். 10 வாரக் குட்டிக்குப் பால் தேவையே இல்லை. இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய ஓரிரு நாளில் மலம் கெட்டிப்பட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

அடுத்தது தீவனம். பழைய இடத்தில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அதையே கொஞ்சம் வாங்கி வாருங்கள். குட்டியின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் பழைய சாப்பாட்டுக்குப் பழகியவை. புதியதற்கு மாற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, முதலில் காலே கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று கலக்க வேண்டும். இதோடு இடம் மாறிய பதற்றமும் சேர்ந்தால் வயிறு கட்டாயம் இளகும். பதற்றம் பெருங்குடலைத்தான் தாக்கும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளி கலந்து, சில நேரம் கடைசியில் ஒரு துளி சிவப்பு ரத்தத்தோடு போகும், முக்கும். சிறுகுடல் கெட்டிருந்தால் வேறு மாதிரி இருக்கும்: நிறையப் போகும், நீராகப் போகும், எடை வேகமாக இறங்கும், வாந்தியும் கூட வரும். உங்கள் விவரத்தில் இரண்டும் கலந்திருக்கிறது. மலத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; மருத்துவருக்கு அது ரொம்பவே உதவும், கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது, எனக்கு அதிகச் சந்தேகம் இருப்பது, புழு. பெரும்பாலான குட்டிகள் உருண்டைப் புழுவைத் தாயின் பாலிலேயே வாங்கிவிடுகின்றன. வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் அதுதான். வாந்தியில் நூடுல்ஸ் போல நீளமாக வந்தாலும் அதுவே. மலத்திலோ வாலுக்கு அடியிலோ அரிசி போலச் சின்னதாக நெளிந்தால் நாடாப்புழு, அது தெள்ளை விழுங்குவதால் வருவது. குட்டிகளுக்கு 3 வாரத்தில் தொடங்கி 2 வாரத்துக்கு ஒரு முறை, பால்குடி மறந்து 2 வாரம் கழியும் வரை புழு மருந்து கொடுக்க வேண்டும்; பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. உங்கள் குட்டிக்கு ஒரு தடவையும் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. எடை பார்த்துத்தான் அளவு, ஆகவே மருத்துவரே கொடுக்கட்டும்.

புழு மருந்து கொடுத்தும் நிற்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் மூன்று இருக்கின்றன: காக்சிடியா, ஜியார்டியா, டிரைடிரைக்கோமோனாஸ். நிறையக் குட்டிகளை நெருக்கி வளர்த்த இடத்திலிருந்து வந்தவற்றில் அதிகம். வழக்கமான புழு மருந்துக் குளிகை காக்சிடியாவைத் தொடாது. மலப் பரிசோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு தடவையில் அகப்படாமல் இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டியும் வரலாம். மலம் புதிதாக இருக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருந்தால் நல்லது. சுத்தமான சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள்.

வேறொரு வகை ஆபத்தையும் விலக்க வேண்டும். விளையாடிய இடத்தில் நூல், ரிப்பன், ரப்பர் பேண்டு, தலைமுடிக்குப் போடும் வளையம் எதுவும் காணாமல் போயிருக்கிறதா? பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் இருப்பதால் வாயில் போன நூலைத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். நூலின் ஒரு முனை நாக்குக்கு அடியில் சுற்றிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், குடல் சுருங்கிச் சுருங்கி அறுந்துவிடும். பின்புறம் நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டவும் செய்யாதீர்கள். அப்படியே மருத்துவரிடம். செடிகளையும் பாருங்கள். லில்லிப் பூச்செடியின் இலை, பூ, மகரந்தம், அது நின்ற ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதன் முதல் அறிகுறி வாந்தியும் சோர்வும்தான்.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பு சுடுகிறது என்று யாராவது பாராசிட்டமால் கொடுக்கச் சொல்வார்கள். பூனையின் ஈரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் சக்தி கிட்டத்தட்ட இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும், குட்டிக்கு அதில் ஒரு துண்டே போதும். மனிதர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரையும் கூடாது. குடலை அசையவிடாமல் நிறுத்தி, வெளியேற வேண்டிய நஞ்சை உள்ளேயே தேக்கிவிடும். மீதம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. பேதி என்றதும் மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுக்கும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. இப்போது சாதாரணப் பேதிக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அது கலைத்துவிடுகிறது. அளவு மிஞ்சினால் நரம்பைத் தாக்கிக் குட்டி தள்ளாடும். வயிற்றுக்குக் கொடுத்த மருந்தே விசித்திர நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும். மருத்துவர் பரிசோதித்து எழுதினால் அது வேறு.

பட்டினியும் போடாதீர்கள். வயிறு கெட்டால் ஒரு நாள் வயிற்றைக் காயப்போடுவது பெரியவர்களுக்கான யோசனை, குட்டிக்குப் பொருந்தாது. குடல் சுவரின் செல்களுக்குச் சாப்பாடு உள்ளே வந்தால்தான் வளர்ச்சி. இப்போது வாந்தி நின்றிருந்தால், ஒரு நாள் சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஓரிரு தேக்கரண்டி மட்டும் வையுங்கள். பழைய தீவனம் கிடைத்தால் அதை வெதுவெதுப்பான நீரில் குழைத்து. கிடைக்காவிட்டால் உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த தோலில்லாத கோழி மார்புக்கறியை நார் நாராகப் பிய்த்து, வேகவைத்த நீரோடு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் நமக்குச் செய்த குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பது சரிப்படாது. வெறும் கோழியில் கால்சியமும் வேறு சில சத்துகளும் போதாது. இரண்டு மூன்று நாளைக்கு மேல் அதையே ஓட்ட வேண்டாம். உணவை லேசாகச் சூடு காட்டினால் மணம் எழும்பும். பூனை முகர்ந்துதான் சாப்பிடும், பார்த்து அல்ல.

குட்டி 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் அதுவே தனி அவசரம். தள்ளாடினாலோ வெட்டி இழுத்தாலோ, விரல் நுனியில் தேனோ சர்க்கரைப் பாகோ தொட்டு ஈறில் தடவி, துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் சிரிஞ்சால் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நீரேற்றுவதை மருத்துவர் தோலுக்கு அடியில் ஊசி மூலம் செய்வார். முதுகில் ஒரு மேடு போல நிற்கும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சமையலறைத் தராசு இருக்கிறதா? ஒரு கிண்ணத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, குட்டியை உட்கார வைத்து எடை எழுதி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில். இந்த வயதில் வாரத்துக்குச் சுமார் 100 கிராம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். மலம் இளகலாக இருந்தாலும் எடை ஏறுகிறது என்றால் அவ்வளவு பயம் இல்லை. மலம் பார்க்க நன்றாக இருந்து எடை இறங்கினால் பயப்பட வேண்டும். எனக்குத் தெரிந்த எந்த அடையாளத்தையும்விட இந்த எண்ணை நான் நம்புகிறேன். தெர்மாமீட்டர் வைக்கத் தெரிந்தால் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சரி. 39.5-க்கு மேல் காய்ச்சல். 37.5-க்குக் கீழே இறங்கினால் காய்ச்சலைவிட மோசம். வைக்கத் தெரியாவிட்டால் முயல வேண்டாம், மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

மருத்துவரிடம் பார்வோ பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். நாய்களுக்கான பார்வோ பரிசோதனைப் பட்டையே பூனையின் வைரஸையும் காட்டும். மலத்தைத் தொட்டு வைத்தால் சில நிமிடத்தில் முடிவு தெரியும். வேறு பூனை வீட்டில் இருந்தால் முடிவு வரும்வரை இரண்டையும் தனித் தனி அறையில் வையுங்கள், பாத்திரமும் மணல் தட்டும் தனி. அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். சோப்புக்கோ ஆல்கஹால் கைத் திரவத்துக்கோ சாகாது. அழுக்கை முதலில் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ப்ளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்காதீர்கள். பீனைல் வகைத் திரவங்களைப் பூனை இருக்கும் தரையில் பயன்படுத்தவே கூடாது. பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போய்விடும்.

பரிசோதனையில் பார்வோ இல்லை என்று வந்து, புழு மருந்தும் கொடுத்து, ஒரு வாரத்தில் வயிறு சரியானால் பெரிய விஷயம் இல்லை. உடம்பு தேறியதும் தடுப்பூசியைத் தள்ளிப் போடாமல் போட்டுவிடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்வரை போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்துபவர்கள் அதிகம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் மீதம் இருக்கும்வரை ஊசி மருந்தை அது முறித்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பல தடவை.

இரண்டு மூன்று வாரம் கழிந்தும் வயிறு சரியாகாமல், நடவடிக்கையும் விசித்திரமாகவே இருந்தால் வேறு திசையில் யோசிக்க வேண்டும். சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் எச்சில் வழிய, வெறித்துப் பார்த்து, சுவரில் தலையை முட்டி, இலக்கில்லாமல் சுற்றி, பிறகு சாதாரணமாகிவிடுகிறதா? கூடப் பிறந்தவற்றைவிட ரொம்பச் சிறியதாக இருக்கிறதா? ஈரலைச் சுற்றிக்கொண்டு போகும் தவறான ரத்தக் குழாயோடு சில குட்டிகள் பிறக்கின்றன. குடலிலிருந்து வரும் அம்மோனியா போன்றவை சுத்தமாகாமல் நேராக மூளைக்குப் போவதால் இப்படி ஆகும். அபூர்வம்தான், ஆனால் வயிறும் நடவடிக்கையும் ஒன்றாகக் கெடும்போது மருத்துவர் நினைக்க வேண்டிய ஒன்று. வயிறு நாளுக்கு நாள் நீர் கோத்தது போல உப்பி, ஆன்டிபயாட்டிக்குக்கு இறங்காத காய்ச்சல் இருந்தால், பூனைக் கொரோனா வைரஸ் உருமாறி வரும் எஃப்.ஐ.பி. என்ற நோயையும் பார்ப்பார்கள். சில வருடம் முன்புவரை அதைக் கேட்டாலே கைவிட்டுவிடுவார்கள். ஜி.எஸ்.-441524 என்ற மருந்தால் குணமான பூனைகளைப் பற்றி 2019-இல் ஆய்வு வெளிவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது பெரும்பாலானவை பிழைக்கின்றன. உங்கள் குட்டிக்கு இப்போது இதையெல்லாம் தேட வேண்டியதில்லை. பின்னால் தேவைப்பட்டால் இந்தப் பெயர்கள் நினைவில் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் மணல் தட்டைச் சுத்தம் செய்வது அவர்கள் வேலையாக இருக்கக் கூடாது. உருண்டைப் புழு முட்டையும் ஜியார்டியாவும் கைவழியே போகக் கூடியவை. தட்டைத் தினம் இரு முறை அள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குட்டியின் பின்புறத்தை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். குளிப்பாட்ட வேண்டாம், குளிர்ந்துவிடும். தோல் சிவந்திருந்தால் மெல்லியதாக வாசலின் தடவலாம்.

மருத்துவரிடமிருந்து வந்ததும் ஓர் அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே உங்கள் பழைய சட்டை ஒன்றைப் போட்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஓர் ஓரத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறு ஓரத்தில் இடம் இருக்கட்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பெட்டியில் திணிக்காதீர்கள். கட்டிலை அடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தால் தானே போகும். இன்று ராத்திரி 2 மணிக்கு ஓர் அலாரம் வைத்து எழுந்து, காதையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள், ஒரு தேக்கரண்டி உணவை மூக்கருகே நீட்டுங்கள். காலையில் எடை எவ்வளவு, ஈறு என்ன நிறம், பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.